விளம்பரமும் தேசத்தொண்டும்

விளம்பரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிக்கும் தேசாபிமானிகள் நம்மிடையே பலர் உண்டு. அது வியாபாரிகளின் காரியம், பொய்யை அழகாகச் சொல்லும் வித்தை, தொண்டர்களுக்கு அதில் என்ன வேலை என்று அவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால், அதே நண்பர்கள் காலையில் எழுந்ததும் கையில் எடுக்கும் பத்திரிகை, அவர்கள் கொடுக்கும் காசைக் கொண்டு மட்டும் அச்சாகி வருவதில்லை என்பதை யோசித்துப் பார்ப்பதில்லை. காகிதம், மை, அச்சுக்கூலி, தபால் செலவு, ஆசிரியரின் ஜீவனம் ஆகிய இவற்றில் பெரும்பகுதியை யாரோ ஒருவர் ஊர் ஊராக, கடை கடையாக ஏறி இறங்கிச் சேகரித்த விளம்பரப் பணமே தாங்குகிறது. தலையங்கம் எழுதியவரின் பெயரை நாம் மறப்பதில்லை. அந்தத் தலையங்கம் அச்சேறப் பணம் தேடியவரின் பெயரை அறிந்துகொள்வதே இல்லை.

அப்படிப் பணம் தேடியவர்களில் ஒருவர் ஸ்ரீ டி. சதாசிவம். சங்கீத மேதை எம். எஸ். சுப்புலட்சுமியின் கணவர் என்றே இன்று பலர் அவரை அறிவார்கள். விளம்பர மானேஜராக இருந்து ஒரு பத்திரிகை ஸ்தாபனத்தின் அதிபரான அவருடைய தொழில் வாழ்க்கை, பொதுக்காரியத்தில் ஈடுபட்டோர் அனைவரும் படித்தறிய வேண்டிய ஒன்று. வேப்பூர், விருத்தாசலம் பக்கத்தில் சிறு தொழில் நடத்துவோருக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. அதைக் கடைசியில் கூறுவோம்.

பத்திரிகையின் வயிறு

இந்தியாவில் அச்சான முதல் பத்திரிகை 1780-ம் வருஷத்தில் கல்கத்தாவில் ஹிக்கி என்ற ஐரிஷ்காரர் நடத்தியது. ‘வங்காள கெஜட்’ என்ற அதன் பெயரோடு ‘கல்கத்தாப் பொது விளம்பரதாரி’ என்ற பொருளுள்ள பெயரும் சேர்ந்தே இருந்தது. ஆகவே பத்திரிகையும் விளம்பரமும் நம் நாட்டில் ஒரே தொட்டிலில் பிறந்த குழந்தைகள் என்று சொன்னால் தவறாகாது.

விளம்பரத் தொழிலின் சூத்திரம் எளிமையானது. பத்திரிகை விற்பது இரண்டு சரக்குகள். வாசகருக்குச் செய்தியை விற்கிறது. வியாபாரிக்கு இடத்தை விற்கிறது. ஒரு பத்தியின் அகலத்தில் ஓர் அங்குல உயரத்துக்கு இன்ன விலை என்று கணக்கு. பிரதிகள் எவ்வளவு அதிகமாகச் செலவாகின்றனவோ அவ்வளவுக்கு அந்த அங்குலத்தின் விலையும் ஏறும். பத்திரிகை அதிபர்கள் ஆளுக்கொரு தொகையைச் சொல்லி வியாபாரிகளை மயக்காதிருக்கவே, விற்பனையைத் தணிக்கை செய்து சான்று வழங்கும் ஸ்தாபனம் ஒன்று 1948-ல் இந்தியாவில் ஏற்பட்டது.

அன்னிய ஆட்சிக் காலத்தில் இந்தச் சூத்திரம் தேசியப் பத்திரிகைகளுக்குப் பாதகமாகவே வேலை செய்தது. பணமுள்ள விளம்பரதாரர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரக் கம்பெனிகள். அவர்கள் ஆங்கிலப் பத்திரிகைகளையே நாடினர். சர்க்காரை எதிர்த்து எழுதும் பத்திரிகைகளின் தலைமீது 1910, 1931-ம் வருஷத்துச் சட்டங்கள் ஜாமீன் தொகை என்ற கத்தியைத் தொங்கவிட்டிருந்தன. எழுதியதற்காக ஜாமீன் பறிபோகும். ஜாமீன் பறிபோனால் அச்சகம் மூடும். ஆக, தேசியப் பத்திரிகைக்குப் பேனா பிடிக்கத் தெரிந்தவர் எவ்வளவு அவசியமோ, கணக்குத் தெரிந்தவரும் அவ்வளவு அவசியமாயிருந்தார்.

காந்தியடிகளின் வழி

காந்தியடிகள் விளம்பரத்தை ஏற்கவில்லையே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். தென்னாப்பிரிக்காவில் 1903-ல் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையில் 1912-ம் வருஷத்தில் அவர் விளம்பரங்களை நிறுத்தினார். பின்னர் ‘யங் இந்தியா’, ‘நவஜீவன்’, ‘ஹரிஜன்’ ஆகியவற்றையும் விளம்பரமின்றியே நடத்தினார். சந்தாதாரர்களின் ஆதரவில் நிற்க முடியாத பத்திரிகை நிற்க வேண்டிய அவசியமே இல்லை என்பது அவருடைய கொள்கை.

அந்தக் கொள்கைக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால், காந்தியடிகளின் ஒவ்வொரு சொல்லுக்கும் தேசமே காத்திருந்தது. அவர் எழுதியது மறுநாள் நாடெங்கும் மற்றப் பத்திரிகைகளில் வெளியாயிற்று. அந்தப் பாக்கியம் மற்ற எல்லாப் பத்திரிகாசிரியர்களுக்கும் கிட்டுமா? கிட்டாது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உள்ளத்தை உருக்கும் அத்தாட்சி ஒன்று உண்டு.

1920-ம் வருஷத்தில் கடையத்தில் வசித்த சுப்பிரமணிய பாரதியார், தம் நூல்களை நாற்பது புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதிகள் அச்சிட்டுத் தமிழ்நாடெங்கும் பரப்பத் திட்டமிட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை வீடுதோறும் புழங்கும் என்று நம்பினார். அச்சுச் செலவுக்கு வட்டியுடன் திருப்பித் தருவதாகக் கடன் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். அந்தச் சுற்றறிக்கையைப் படிப்பவர்கள் அது ஒரு விளம்பரம் என்பதை ஒப்புக்கொள்வார்கள். அதுவும் மெய்யான விளம்பரம். அதில் கூறிய சரக்குக்கு இணையான சரக்கு அன்றைய தமிழ்நாட்டில் வேறில்லை. ஆயினும் பணம் வரவில்லை. மறு வருஷமே, 1921 செப்டம்பரில், பாரதியார் காலமானார்.

குறை எங்கே இருந்தது? தமிழ் ஜனங்களிடம் பணமே இல்லையென்று சொல்ல முடியாது. பாரதியாரிடம் மேதை இல்லையென்று சொல்லவே முடியாது. ஜனங்களையும் மேதையையும் இணைக்கும் ஏற்பாடு ஒன்று இல்லை. பதினாயிரம் பேரிடம் தலைக்கு ஒரு ரூபாய் வாங்கும் வழி தெரிந்த, அதற்குக் கணக்கு வைத்து நம்பிக்கையைக் காக்கத் தெரிந்த ஒரு மனிதர் கவிஞரின் பக்கத்தில் இல்லை. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்குமாறு நேயர்களை வேண்டுகிறோம்.

வழிகாட்டிய இருவர்

ஸ்ரீ சதாசிவத்துக்கு முன்னரே வியாபாரத்தையும் பத்திரிகையையும் இணைத்துக் காட்டிய இருவரைக் குறிப்பிட வேண்டும்.

ஒருவர் ஆந்திர தேசத்துக் காசிநாதுனி நாகேசுவர ராவ் பந்துலு. 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் என்ற தலைவலித் தைலத்தைச் செய்து விற்கத் தொடங்கியவர். சங்கீதக் கச்சேரிகளில் கூடும் ஜனங்களுக்கு அதை இலவசமாகக் கொடுத்துப் பழக்கியதாகக் கூறுவர். அந்தத் தைலம் ஈட்டித் தந்த பணத்தைக் கொண்டு 1908-ல் ‘ஆந்திர பத்திரிகை’யை வாரப் பதிப்பாகத் தொடங்கினார். 1914-ல் சென்னையில் அதைத் தினசரியாக்கினார். தலைவலி மருந்து ஒரு தேசியத் தினசரியைத் தாங்கிற்று. மயிலாப்பூரில் அவர் பெயர் தாங்கிய பூங்கா இன்றும் இருக்கிறது.

மற்றொருவர் எஸ். எஸ். வாசன். திருத்துறைப்பூண்டியில் பிறந்து, சிறு பிராயத்திலேயே தகப்பனாரை இழந்து, தாயாரின் உழைப்பில் வளர்ந்து, சென்னையில் பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துக் கொடுக்கும் தொழிலில் இறங்கியவர். பூதூர் வைத்தியநாதய்யர் 1926-ல் ஆரம்பித்து நடத்த இயலாமல் தவித்த ‘ஆனந்த விகடன்’ பத்திரிகையை 1928-ல் விலைக்கு வாங்கினார். பெயரிலுள்ள எட்டு எழுத்துக்கும் எழுத்துக்கு இருபத்தைந்து ரூபாய் வீதம் இருநூறு ரூபாய் கொடுத்தார் என்று சொல்வார்கள். வியாபாரியின் கண் கொண்டு வாசகரைப் பார்க்கத் தெரிந்தவர் வாசன். ஜனங்கள் சிரிக்க விரும்புகிறார்கள், கதை படிக்க விரும்புகிறார்கள், அதோடு நாட்டு நடப்பையும் அறிய விரும்புகிறார்கள் என்பதை உணர்ந்து, ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற ‘கல்கி’யைத் தம் பத்திரிகைக்கு அழைத்துக்கொண்டார். பிற்காலத்தில் ஜெமினி ஸ்டூடியோவை நிறுவி, 1948-ல் ‘சந்திரலேகா’வை வெளியிட்டு, அதன் ஹிந்திப் பதிப்பை வட இந்தியா முழுவதும் விளம்பரப்படுத்தி வெற்றி கண்டவரும் அவரே.

தொண்டர் மானேஜரானார்

இந்த ‘ஆனந்த விகடன்’ காரியாலயத்தில் விளம்பர இலாகாவைப் பார்த்துக்கொண்டவர்தான் சதாசிவம். 1902-ல் திருச்சி ஜில்லா லால்குடியை அடுத்த ஆங்கரைக் குடும்பத்தில் பிறந்தவர். வாலிபப் பருவத்தில் சுப்பிரமணிய சிவாவின் சொல்லால் ஈர்க்கப்பட்டுப் படிப்பை விட்டார். பின்பு காந்தியடிகளின் இயக்கத்தில் சேர்ந்து சிறையும் கண்டார். கதர்த் தொண்டிலும் ஈடுபட்டார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கதர் விற்பது ஒரு கடினமான பயிற்சி. மில் துணியைவிட முரடு, விலையும் அதிகம். அதை ஒருவரை வாங்கச் செய்ய வேண்டுமானால், சரக்கின் பின்னாலிருக்கும் காரணத்தை விளக்க வேண்டும். அந்தக் காரணம் மெய்யாக இருக்க வேண்டும்; சொல்பவரும் அதை நம்ப வேண்டும். இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் பின்னாளில் விளம்பர மானேஜராக வெற்றி பெற்றதில் ஆச்சரியம் ஏது? தொண்டர் ஒருவர் தம் தொண்டை விட்டுவிட்டு வியாபாரத்துக்குப் போனார் என்று நாம் நினைக்கவில்லை. தொண்டில் கற்ற வித்தையை வியாபாரத்துக்குள் எடுத்துச் சென்றார் என்றே நினைக்கிறோம்.

1930-களில் விகடன் தமிழ் மத்தியதர வகுப்பாரின் வீட்டுப் பத்திரிகையாயிற்று. கல்கியின் எழுத்து வாசகரைக் கூட்டிற்று. மாலியின் சித்திரங்கள் அவர்களைச் சிரிக்க வைத்தன. கூடிய வாசகரைக் காட்டி விளம்பர இலாகா வருமானம் ஈட்டிற்று. எழுத்தும் கணக்கும் ஒன்றையொன்று தாங்கி நின்ற நல்ல காலம் அது.

1941-ம் வருஷத்துச் சோதனை

ஒரு மனிதரின் கொள்கை லாபம் வரும் காலத்தில் தெரிவதில்லை. நஷ்டம் வரும் காலத்தில்தான் தெரியும். காந்தியடிகள் தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கிய சமயம் கல்கி விகடனிலிருந்து விலகினார். 1941-ல் சத்தியாக்கிரகத்தில் கலந்து சிறை சென்றார். சதாசிவமும் விகடனைவிட்டு வெளியேறினார். நிலையான சம்பளத்தை இழந்த இருவரும் சொந்தமாக ஒரு பத்திரிகை நடத்தத் துணிந்தனர். அதுவோ யுத்த காலம். காகிதம் கிடைப்பது அரிது. முதலீடு செய்யப் பணமும் இல்லை.

அப்பொழுது கைகொடுத்தவர் எம். எஸ். சுப்புலட்சுமி. 1940-ல் சதாசிவத்தை மணந்த அவர், 1941-ல் வெளிவந்த ‘சாவித்திரி’ படத்தில் நாரதர் வேஷம் ஏற்று நடித்தார். அந்த நடிப்புக்குக் கிடைத்த ஊதியம் புதிய பத்திரிகைக்கு மூலதனமாயிற்று. 1941 ஆகஸ்டில் ‘கல்கி’ பிறந்தது. பத்திரிகைக்கு ஆசிரியரின் பெயரையே வைத்ததில் விளம்பர மானேஜரின் கூர்மை தெரிகிறது. தமிழ் வாசகர் ஏற்கெனவே நம்பிய சொத்து எது என்பதை அவர் அறிந்திருந்தார். ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’, பின்னர் 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ என்று தொடர்கதைகள் வெளிவர, வாரந்தோறும் பிரதிகள் எழுபதாயிரத்தையும் தாண்டின. ராஜாஜியின் மகாபாரதமும் ராமாயணமும் அந்தப் பக்கங்களிலேதான் தமிழ் ஜனங்களை முதலில் அடைந்தன.

எட்டயபுரத்து மண்டபம்

விளம்பரக்காரரின் வித்தை தேசத்துக்கு எப்படிப் பயன்பட்டது என்பதற்கு எட்டயபுரமே சிறந்த சாட்சி. பாரதியார் பிறந்த ஊரில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப வேண்டும் என்று ‘கல்கி’ பத்திரிகை வாசகரிடம் விண்ணப்பித்தது. சிறு தொகையும் பெருந்தொகையுமாக நன்கொடைகள் வந்து குவிந்தன. 1945-ல் ராஜாஜி அஸ்திவாரக் கல் நாட்டினார். நாடு விடுதலை பெற்ற சில வாரங்களில், 1947 அக்டோபரில், அப்போது மேற்கு வங்காளக் கவர்னராயிருந்த அவரே மணிமண்டபத்தைத் திறந்து வைத்தார்.

1920-ல் கவிஞர் உயிரோடிருந்து கேட்டபோது வராத பணம், அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பின் எப்படி வந்தது? ஜனங்களின் மனம் மாறியதும் ஒரு காரணம்தான். ஆனால் மனம் மாறினால் மட்டும் போதாது. வாசகர் நம்பும் ஒரு பத்திரிகை வேண்டும். அந்தப் பத்திரிகை வாரந்தோறும் தவறாமல் அவர் வீட்டுக்குச் சென்று சேர வேண்டும். அனுப்பிய காசு சொன்ன காரியத்துக்கே செலவாகும் என்ற உறுதி வேண்டும். கடையத்தில் இல்லாத ஏற்பாடு இதுவே. 1944-ல் கஸ்தூரிபா காந்தி காலமானபின் அவர் ஞாபகார்த்த நிதிக்காக எம். எஸ். நடத்திய கச்சேரிகளும், 1945-ல் தமிழிலும் 1947-ல் ஹிந்தியிலும் வெளிவந்த ‘மீரா’ படமும், 1966-ல் ஐக்கிய நாடுகள் சபையில் நடந்த கச்சேரியும், பின்னால் நின்று ஏற்பாடு செய்த சதாசிவத்தின் அதே திறமைக்குச் சான்றுகள்.

குறைகளும் உண்டு

புகழுரை மட்டும் எழுதுவது பத்திரிகை தர்மம் ஆகாது. தம் மனைவியாரின் கலை வாழ்க்கையின் ஒவ்வொரு முடிவும் அவர் கையிலேயே இருந்தது என்றும், அந்த மகத்தான குரல் எந்தெந்த வழியில் போக வேண்டும் என்பதை ஒரு மானேஜரின் கண்ணோட்டமே நிர்ணயித்தது என்றும் சங்கீத விமரிசகர்கள் சிலர் குறை கூறியிருக்கிறார்கள். அதை ஒதுக்கிவிட முடியாது. ‘கல்கி’க்கு மூலதனம் தந்தவர் சுப்புலட்சுமி என்பதை முதலில் சொல்லாமல் சதாசிவத்தின் சரித்திரத்தை எழுதுவது நியாயமும் அல்ல.

பணம் சேர்க்கத் தெரிந்தவருக்குச் சேர்த்ததைத் தமக்கென்று வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்பது மற்றொன்று. கச்சேரி வருமானம் தர்ம காரியங்களுக்குச் சென்றது. 1954-ல் ஆசிரியர் கல்கி காலமானது பத்திரிகைக்குப் பேரிழப்பு. பின்னாளில் பொருள் நெருக்கடி முற்றி, ‘கல்கி தோட்டம்’ என்ற பெரிய வீடு கைமாறிற்று. தம்பதிகள் வாடகை வீட்டுக்குப் போனார்கள். 1997 நவம்பரில் சதாசிவம் காலமானார். அதன் பின் சுப்புலட்சுமி மேடையேறிப் பாடவில்லை. ‘கல்கி’யின் அச்சுப் பதிப்பும் 2020-ல் நின்று, பத்திரிகை இணையத்துக்கு மாறிற்று.

இந்த முடிவைக் கண்டு, பார்த்தீர்களா, விளம்பரத்தை நம்பியதன் பலன் என்று யாரும் சொல்ல வேண்டாம். பத்திரிகைகளின் விளம்பரப் பணம் இன்று கடல் கடந்த சில பெரிய இணையக் கம்பெனிகளின் பெட்டிக்குப் போகிறது. வாசகர் இன்னும் படிக்கிறார். வியாபாரி இன்னும் பணம் கொடுக்கிறார். ஆனால் எழுதுகிறவரின் பத்திரிகைக்கு அந்தப் பணத்தில் பெரும் பங்கு வருவதில்லை. அன்று வெள்ளைக்காரக் கம்பெனியின் விளம்பரம் சுதேசப் பத்திரிகைக்கு எட்டாமல் இருந்ததற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்பதைச் சிந்திப்பவர்கள் சிந்திக்கட்டும்.

நம் பக்கத்துக்கு என்ன பாடம்?

முன்பு வாக்களித்தபடி வேப்பூருக்கு வருவோம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும், கடலூரிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சின்னசேலம் செல்லும் சாலையும் வெட்டிக்கொள்ளும் நாற்சந்தி வேப்பூர். ஆட்டுச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர். சந்தையில் ஆட்டை வாங்குபவர் அதைப் பிடித்து, எடை பார்த்து, பல் பார்த்து வாங்குகிறார். அங்கே விளம்பரம் தேவையில்லை, கையே சாட்சி. ஆனால் அதே சாலையில் கிழக்கே சென்றால் விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகள் இருக்கின்றன. அகல் விளக்கும், கொலுப் பொம்மையும், மின்சாரத்துக்குப் பயன்படும் பீங்கான் கட்டைகளும் அங்கே உருவாகின்றன. வாங்குபவரோ நூறு மைலுக்கு அப்பால் இருக்கிறார். அவர் சூளையைப் பார்ப்பதில்லை; செய்தவர் யார் என்பதையும் அறிவதில்லை. இடையில் நிற்கும் வியாபாரி சொன்னதே விலை. அவர் ஒட்டிய சீட்டே பெயர்.

செய்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே இப்படித் தூரம் விழும்போது, அந்தத் தூரத்தைக் கடக்கும் சொல்லுக்குத்தான் விளம்பரம் என்று பெயர். அந்தச் சொல் பொய்யானால் வாங்குபவர் கெடுகிறார். அந்தச் சொல்லே இல்லையானால் செய்பவர் கெடுகிறார். இரண்டாவது கேட்டைப் பற்றி நம் தொண்டர்கள் அதிகம் கவலைப்படுவதில்லை. கைத்தொழிலை ஆதரிக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறோம். அந்தக் கைத்தொழிலாளியின் சரக்குக்கு ஒரு பெயர் கொடுத்து, அதன் குணத்தை மெய்யாக எடுத்துச் சொல்லி, ஊரறியச் செய்யும் வேலையை யாரோ செய்வார்கள் என்று விட்டுவிடுகிறோம்.

சதாசிவத்தின் வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று என்று நமக்குத் தோன்றுகிறது. முதலாவது, தாம் நம்பாத சரக்கைப் பிறருக்குச் சிபாரிசு செய்யலாகாது. கதர் விற்றவர் கற்ற பாடம் அது. இரண்டாவது, விளம்பரப் பணம் பத்திரிகைக்கு வேலைக்காரனாக இருக்கலாம், எஜமானனாக இருக்கலாகாது. சம்பளமா கொள்கையா என்ற கேள்வி எழுந்தபோது சம்பளத்தை விட்டவர்கள் காட்டிய வழி அது. மூன்றாவது, பொதுக்காரியத்தில் கணக்குப் பார்ப்பதை இழிவாக நினைக்கலாகாது. கணக்குப் பார்ப்பவர் இல்லாமையால் ஒரு மகாகவியின் நாற்பது புத்தகங்கள் அச்சேறாமல் போயின. கணக்குப் பார்ப்பவர் இருந்தமையால் அவருக்கு ஒரு மண்டபம் எழுந்தது. மண்டபத்தைக் கண்டு நாம் பெருமைப்படுவது சரி. ஆனால் அந்தக் கணக்குப்பிள்ளை ஒருவர் 1920-லேயே கடையத்தில் இருந்திருந்தால், மண்டபத்துக்குப் பதிலாகக் கவிஞரே நமக்கு மேலும் சில காலம் கிடைத்திருக்கக் கூடும் அல்லவா?

இன்றும் நம்மிடையே எழுதத் தெரிந்தவர்களும், செய்யத் தெரிந்தவர்களும், விற்கத் தெரியாமல் வாடிக்கொண்டிருக்கிறார்கள். தொண்டு செய்ய விரும்பும் இளைஞர்களில் நூற்றுக்கு நூறு பேரும் மேடையேற வேண்டியதில்லை. சிலர் அவர்களுடைய கணக்குப் புஸ்தகத்தைக் கையில் எடுத்துக்கொள்ளட்டும்.